சுண்ணாம்பு போட்ட கிணறு

அந்தோணியார்புரத்துக் கிணற்றை இறைத்துக் கழுவும் நாளில் ரோசம்மாள் சொன்னதுதான் சட்டம். யாரும் கூடி உட்கார்ந்து அவளுக்குக் கொடுத்த பதவி இல்லை அது. புருஷன் அந்தோணி இருந்தவரைக்கும் அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவான். இவள் மேலே நின்று சேற்றுக்கூடையை இழுத்துக் கொட்டுவாள். அவன் வயிற்றுவலி, வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டே இருந்து ஒருநாள் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு இறங்க இளவட்டங்கள் கிடைத்தார்கள். மேலே நின்று, "அந்தாண்ட மூலையச் சுரண்டுடா, பாசி ஒட்டிக்கினு இருக்குது பாரு" என்று அதிகாரம் பண்ணுகிற இடம் மட்டும் அவளுக்கே நிலைத்துவிட்டது.

கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் டீசல் மோட்டார் வைத்து அடிமட்டம் வரை இறைக்க வேண்டும். பிறகு சேற்றை வாரி, சுவரைத் தென்னந்துடைப்பத்தால் தேய்க்க வேண்டும். ஊற்று திரும்பி முழங்கால் உயரம் ஏறியதும், பழவேற்காட்டிலிருந்து வரும் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டி நீற்றி, கொதிப்பு அடங்கியபின் குடம் குடமாகக் கிணற்றுச் சுவரோரமாக ஊற்ற வேண்டும். இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்துவிடும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம்.

வருஷா வருஷம் ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழாவுக்கு முன்னால் இது நடக்கும். வெளியாள் யாராவது வருகிறார் என்று தெரிந்தாலும் நடக்கும். இந்த இரண்டாவது பழக்கம் வந்தது ரோசம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில். தடுப்பூசி போட வந்த டாக்டர் ஒருவர், அவள் நீட்டிய சொம்பை வாங்காமல், "வேணாம்மா, எங்கிட்ட இருக்குது" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார். முகம் சுளிக்கக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் கிணற்றடியில் பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் தண்ணீர் சேந்தினார்கள். அடுத்து பிஷப் வந்தபோது கிணறு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதிலிருந்து தாசில்தார் வந்தாலும் சரி, ஓட்டுக் கேட்க வந்தாலும் சரி, அந்தக் காலனிக்காரர்கள் கிணற்றைக் கழுவாமல் யாரையும் உள்ளே விட்டதில்லை.

ரோசம்மாள் நாற்று நட்டு வளர்ந்தவள். ஊர் நிலக்காரர் அப்பாவு வீட்டு நிலத்தில் அவளுடைய மாமியார் நட்டாள், அவளும் நட்டாள். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் பெருகி நிலம் பாதியாகச் சுருங்கியபோது, நட்ட கைகளெல்லாம் கம்பெனி கேட்டுக்கு முன்னால் போய் நின்றன. அவளுக்குக் கிடைத்தது பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற கம்பெனி. உலையிலிருந்து ஈயம் போக மிஞ்சுகிற கசடு கறுப்புக் கட்டியாக வரும். அதை ஸ்லாக்கு என்பார்கள். ஆறியதும் சம்மட்டியால் உடைத்துச் சல்லடையில் சலித்து, ஒட்டிக்கொண்டிருக்கும் ஈயப் பொட்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு பதினோரு வருஷம் அவள் சலித்தாள். சலித்து மிஞ்சியது டிராக்டரில் ஏறி, காலனிக்கு மேற்கே மேட்டில் கைவிட்டுப்போன கல்குவாரிப் பள்ளத்துக்குப் போயிற்று. அப்புறம் சட்டம் கடுமையாகிவிட்டது என்று சொல்லிப் பள்ளத்தில் கொட்டுவதை நிறுத்தினார்கள். மேலே ஒரு பரப்பு செம்மண் தூவினார்கள். கொட்டியதை யாரும் எடுக்கவில்லை.

மணிக்கட்டு துவண்டு சல்லடை பிடிக்க முடியாமல் போனபின் அவள் அந்த வேலையை விட்டு, வேறொரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். அதற்கு முந்தைய வருஷம்தான் மகன் ராபினுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகள் மெர்சி கடம்பத்தூர்ப் பெண். வாய் ஓயாமல் பேசுவாள், மாமியாரையும் பேச வைப்பாள். வேலையிலிருந்து ரோசம்மாள் வந்து நின்றதும், "அத்த, மொதல்ல அந்த ஸ்லாக்குப் பொடவைய அவுத்துக் குடுங்க. உங்களப் பாத்தா நிலக்கரி லாரி வந்து நிக்கிற மாதிரி இருக்குது" என்பாள். அந்தப் புடவையைக் கிணற்றடியில் போட்டுத் துவைப்பதும் அவள்தான்.

மெர்சிக்கு முதல் கரு நாலாம் மாதம் கலைந்தது. இரண்டாவதும் அப்படியே. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார். "வீட்ல யாராச்சும் பேட்டரி கம்பெனியில வேலை செய்றாங்களா? எந்தத் தண்ணி குடிக்கறீங்க?" என்று கேட்டார். ராபின் பள்ளத்தைப் பற்றிச் சொன்னான். டாக்டர், "அந்தத் தண்ணிய மொதல்ல நிறுத்துங்க. யாரையாவது வெச்சு சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் மெர்சி பேசவே இல்லை. ரோசம்மாள் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே மெர்சியின் அம்மா ஏஞ்சல் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து மகளைக் கூட்டிப்போனாள். வாசலில் நின்று, "சம்பந்தி, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா இந்தத் தண்ணிக்கு ஒரு வழி பொறக்காம நான் எம் பொண்ண திருப்பி அனுப்பமாட்டேன்" என்றாள். அதில் நியாயம் இல்லை என்று ரோசம்மாளால் சொல்ல முடியவில்லை.

வழி என்றால் ஒன்றுதான். பஞ்சாயத்துக் குழாயில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கவும் பொங்கவும் கிணறுதான். கிணற்றுத் தண்ணீர் கெட்டது, பள்ளத்திலிருந்துதான் கெட்டது என்று சோதனை செய்து யாராவது எழுதிக் கொடுத்தால் கம்பெனி பள்ளத்தைத் தோண்டி அள்ள வேண்டிவரும். காலனிக்கு நல்ல தண்ணீர் பைப்பு வரும். மெர்சி பிள்ளையோடு வருவாள். கோயில் உபதேசியார் ஜோசப்பும் ராபினும் மனு எழுதிக்கொண்டு திருவள்ளூருக்கும் சென்னைக்குமாக அலைந்தார்கள். அப்பாவுவின் மனைவி ஜானகியம்மாளின் மிச்ச நிலம் பள்ளத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்று அவளிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். "தண்ணி கெட்டதுன்னு பேப்பர்ல வந்துட்டா நாளைக்கு எந்த மடையன் அந்த நெலத்த வாங்குவான்?" என்று அவள் போட மறுத்தாள். கடைசியில், ஒரு தனியார் லேப் வந்து பள்ளத்துக் கசடையும் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துச் சோதிக்க வேண்டும், இரண்டு தரப்பும் கூட இருக்க வேண்டும் என்று சென்னை ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை.

சனிக்கிழமை காலையில் ஜோசப் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ரோசம்மாள் வாசலுக்கு வந்தார்.

"இன்னா ரோசம்மா, மெட்ராஸ்லேர்ந்து லேப்பு மேடம் ஒருத்தங்க வராங்க. கெணறு இந்த லட்சணத்துல இருக்குது. சுவரெல்லாம் பாசி. கம்பெனிக்காரன் கூட வரான். 'இவங்களே கெணத்த இப்டி வெச்சிக்கினு எங்க மேல பழி போடறாங்க'ன்னு சொல்லமாட்டானா?"

ரோசம்மாள் அப்போதுதான் அதை நினைத்தாள். நினைத்ததும் உடம்பு கூசியது. அரை மணி நேரத்தில் மோட்டார் வந்தது.

வழக்கம்போல் ஊர் கூடியது. பொங்கலுக்கு வந்து இன்னும் திரும்பாத பிள்ளைகள் இருந்ததால் கூட்டம் கொஞ்சம் அதிகம்கூட. பக்கத்து வீட்டு இளமதி குடத்தோடு நின்றவள் திடீரென்று கேட்டாள்.

"எக்கா, எல்லாத்தையும் கழுவிட்டா அப்பறம் அவங்க இன்னாத்த டெஸ்ட்டு பண்ணுவாங்க?"

எல்லோரும் ரோசம்மாளைப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள்.

"அடி போடி இவளே. வெஷம் இன்னா கெணத்துலயா குந்திக்கினு இருக்குது? அது மேட்டுலேர்ந்து ஊறி வருது. இன்னிக்கி எறச்சா நாளைக்கே திரும்ப ஊறிக்கினு வந்துடும். சுண்ணாம்பு புழுவுக்கும் பூச்சிக்கும். ஈயத்த சுண்ணாம்பு இன்னா பண்ணும்? நான் எத்தினி வருஷம் ஈயத்துல பொரண்டவ!"

"அதானே" என்றார் ஜோசப்.

"பிஷப்புக்கு ரெண்டு கூட சுண்ணாம்பு போட்டமே, டெஸ்ட்டு மேடத்துக்கு எத்தினிக்கா?" என்று கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான்.

"மூணு போடுடா. படிச்ச பொண்ணு வருது."

சிரிப்பு கிணற்றுக்குள் போய் எதிரொலித்தது. மூன்று கூடை போட்டார்கள். தொடர்ந்து ஷிப்டு பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராபின் வந்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான். "பரவால்லயே, நல்லாத்தான் பண்ணிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். அன்றைக்கு ரோசம்மாள் கடம்பத்தூருக்கு போன் போட்டு, "நாளைக்கி வராங்கடி. நம்ம பக்கம் எல்லாம் ரெடி" என்று மெர்சியிடம் சொன்னாள்.

லேப்பிலிருந்து வந்த பெண்ணின் பெயர் ஹெலன். முப்பதைத் தாண்டியிருக்காது. ஐஸ் பெட்டி, பாட்டில்கள், மண் துளைக்கிற நீண்ட இரும்புக் கம்பி, ரப்பர் கையுறை எல்லாவற்றையும் ஜீப்பிலிருந்து அவளே இறக்கினாள். கம்பெனி தரப்பில் சந்திரமோகன் என்ற ஆபீசர் வந்திருந்தார். குடை பிடித்துக்கொண்டு, யாரிடமும் குரல் உயர்த்தாமல் பேசுகிற மனிதர்.

முதலில் பள்ளத்துக்குப் போனார்கள். எந்தப் பக்கம் டிராக்டர் வந்து கவிழ்த்தது, எது பழைய குவியல், எது கடைசியாகப் போட்டது என்று ரோசம்மாள் நடந்து காட்டினாள். ஹெலன் அவள் காட்டிய இடங்களிலும் எடுத்தாள், காட்டாத இடங்களிலும் எடுத்தாள். "நீங்க காட்டற எடத்துல மட்டும் எடுத்தா அது உங்க சாம்பிளாயிடும்மா. பள்ளத்தோட சாம்பிளா இருக்கணும்" என்றாள். ரோசம்மாளுக்கு அது பிடித்தது. ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே கம்பி கறுப்பாக ஈரத்தோடு வந்தது.

"எங்க கம்பெனி மட்டும்தான் இங்க கொட்டுச்சாம்மா?" என்று சந்திரமோகன் கேட்டார்.

"சார், நான் சலிச்ச ஸ்லாக்கு எனக்குத் தெரியாதா?"

"கல்லுல பேரு எழுதியிருக்குதா?" என்று அவர் சிரித்தார். ராபின் முன்னால் வந்தான். ஜோசப் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கிணறு. ஹெலன் கயிற்றில் கட்டிய குப்பியை இறக்கித் தண்ணீர் எடுத்தாள். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தது என்றால், வெயிலில் குப்பி காலியாக இருப்பது போலத் தெரிந்தது. அவள் பேனா மாதிரி இருந்த மீட்டரை அதில் நனைத்தாள். பார்த்தாள். மீட்டரைக் கழுவி, தான் கொண்டுவந்த வேறொரு திரவத்தில் நனைத்து, அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப நனைத்தாள். காரம் பத்தரை காட்டியது; நல்ல தண்ணீர் ஏழு, எட்டைத் தாண்டாது.

"அம்மா, இந்தக் கெணத்துல எதாவது போட்டீங்களா?"

"சனிக்கிழமதாம்மா எறச்சிக் கழுவுனோம். கிளிஞ்ச சுண்ணாம்பு. மூணு கூட." ரோசம்மாளின் குரலில் பெருமை இருந்தது. கையில் தயாராக வைத்திருந்த சொம்பை நீட்டினாள். "குடிச்சிப் பாருங்க, எளநி மாதிரி இருக்கும்."

ஹெலன் சொம்பை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை. அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எதுக்கும்மா இப்ப போய் சுண்ணாம்பு போட்டீங்க?"

"நீங்க வரீங்கன்னுதான்."

ஹெலன் சொல்ல ஆரம்பித்தாள். சாதாரணத் தண்ணீரில் ஈயம் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சுண்ணாம்பு போட்டால் அது மாவு மாதிரிப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே எடுக்கிற தண்ணீரில் ஒன்றும் தெரியாது. கம்பெனிகளில் கழிவுத் தண்ணீரைச் சுத்தப்படுத்துவதே இப்படிச் சுண்ணாம்பு போட்டுத்தான். இதைச் சொல்லும்போது அவள் சந்திரமோகன் பக்கம் பார்க்கவில்லை. அவரும் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

"அப்ப அடியிலேர்ந்து எடும்மா. அடியிலதான் இருக்குதுன்றியே" என்றாள் ரோசம்மாள்.

"அடியில இருக்கறது சேறும்மா. தண்ணி இல்ல. அத எடுத்து தண்ணின்னு எழுத முடியாது. ஒத்துக்கவும் மாட்டாங்க."

"அப்ப ரெண்டு நா கழிச்சி வா. நான் முழுக்க எறச்சி வெக்கறேன்."

"சுவரெல்லாம் சுண்ணாம்பு ஏறியிருக்கும்மா. ரெண்டு நாள்ல போவாது."

சந்திரமோகன் முதல் தடவையாகக் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்தார். "மேடம், நாங்க ஒண்ணும் சொல்லல. அவங்களே போட்டோம்னு சொன்னாங்க. அத மட்டும் எழுதிடுங்க."

"எழுதாதம்மா" என்றாள் இளமதி, பின்னாலிருந்து.

ஹெலன் திரும்பினாள். "நான் எழுதலன்னாலும் லேப்ல மீட்டர் சொல்லிடும். அப்ப மறைச்சிட்டாங்கன்னு ஆயிடும். அது இன்னும் மோசம்" என்றாள். எழுதினாள். இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து முத்திரை வைத்தாள். ஜோசப்பும் சந்திரமோகனும் கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது ஹெலன் ரோசம்மாளைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஒரு மழைக்காலம் முழுசா போகணும்மா. எறைக்காதீங்க, கழுவாதீங்க, பிளீச்சிங் பவுடர்கூட போடாதீங்க. அப்பறம் புதுசா மனு போடுங்க. என் நம்பர் வெச்சிக்கோங்க" என்றாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். அது நிறைந்தே இருந்தது.

மாசி கடைசியில் முடிவு வந்தது. ஜோசப் கோயில் படியில் உட்கார்ந்து படித்துச் சொன்னார். பள்ளத்துக் கசடைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் ஈயம் அளவுக்கு மேல் கரைகிறது. கம்பெனி பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். ஆனால் கிணற்றில் எடுத்த தண்ணீரில் ஈயம் இல்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீரை வைத்து, பள்ளத்தால் கிணறு கெட்டதா என்று முடிவு சொல்ல முடியாது. மனு முடித்துவைக்கப்படுகிறது. கம்பெனி கொடுத்த பதிலில் ஒரு வரி இருந்தது: மனுதாரர்கள் தாங்களே கிணற்றில் ரசாயனம் கலந்துள்ளனர்.

"இன்னா கலந்தோமாம்?" என்று ரோசம்மாள் கேட்டாள்.

"ரசாயனம்."

"சுண்ணாம்பையா ரசாயனம்னு எழுதிக்கிறாங்க?"

ஜோசப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழுவச் சொன்னவர் அவர்தான். அதை யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ரோசம்மாளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இளமதி கேட்ட கேள்வியும், தான் சிரித்த சிரிப்பும்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன. சின்னப் பெண்ணுக்குத் தோன்றியது. பதினோரு வருஷம் ஈயத்தைச் சலித்தவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராபின் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"எம்மா, ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீயும்தானேடா ஞாயித்துக்கெழம பாத்த? நல்லாக்கீதுன்னு சொன்ன."

அவன் பித்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அடுத்த மாதம் மணவாள நகரில் ஒரு குடோனில் வேலை பார்த்துக்கொண்டு, கடம்பத்தூரில் மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்தான். துணிகளை எடுத்துப் போக வந்தபோது, "நீயும் வாம்மா" என்றான். அவள், "பாக்கலாம்டா" என்றாள்.

மே மாதத்தில் மெர்சிக்குப் பெண் பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது. ரோசம்மாள் கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்ட்ரல் வந்து, அரக்கோணம் ரயிலுக்கு மாறிப் போய்ச் சேர்ந்தாள். போகும் வழியில் கடையில் சோப்பு வாங்கினாள். கடம்பத்தூர் வீட்டு வாசல் குழாயில் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். நகக்கண் ஒவ்வொன்றாகக் கழுவினாள். அவள் அந்த வேலையை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. ஏஞ்சல் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போதும் சம்பந்தி, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

குழந்தை தலை நிறைய முடியோடு இருந்தது. மடியில் வாங்கியதும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

"உங்கள மாதிரியே புடி பாருங்க அத்த. சல்லட புடிக்கிற கை" என்றாள் மெர்சி.

ரோசம்மாள் சிரிக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. மெர்சி நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? வுடுங்க அத்த. இங்கயே இருந்துடுங்க. அவரு ரூம்ல எடம் இருக்குது. பாப்பாவ பாத்துக்குங்க, நான் வேலைக்குப் போறேன்."

"ஞானஸ்நானம் எப்ப?"

"ஜூலையில. இங்க இருக்கற கோயில்லயேன்னு…" மெர்சி முடிக்கவில்லை.

அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட பிள்ளை அது. தன் கோயிலில், தன் ஜனத்துக்கு நடுவில் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ரோசம்மாள் ஒன்பது மாதமும் நினைத்திருந்தாள். எந்தத் தண்ணீர் என்று இப்போதுதான் நினைத்தாள். "இங்கயே வெச்சிக்குங்க. அங்க கொண்டாராதீங்க" என்றாள்.

மூன்று நாள் இருந்தாள். நாலாம் நாள் காலையில் நாஷ்டா முடிந்ததும் பையை எடுத்தாள். ராபினுக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க யாரு இருக்கறாங்கன்னு ஓடற? பள்ளத்தக் காவல் காக்கவா?"

"திருவிழா வருதுடா. நான் இல்லாட்டி கெணத்த எறச்சிடுவாங்க."

அவன் பையை வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தான்.

அவள் நினைத்தது சரி. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு மோட்டார் கிணற்றடியில் வந்து நின்றுவிட்டது. கிணறு அதற்குள் பச்சை பிடித்திருந்தது. கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் குடத்தால் பாசியை ஒதுக்கிவிட்டுச் சேந்தினார்கள். ரோசம்மாளும் அதில்தான் சேந்தினாள். துடைப்பத்தோடு வந்த பெண்கள் அவள் கிணற்று மேடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்கள்.

"எழுந்துருக்கா. எறைக்கணும்."

"இந்த வருஷம் வேணாம். ஒரு மழ போவட்டும். திரும்ப மனு போட்டுக்கிறோம்."

"நீ போட்ட சுண்ணாம்புக்கு நாங்க நாத்தத்துல கெடக்கணுமா? நல்ல பேஜாரா கீதே! வெளியூருலேர்ந்து எங்கண்ணன் ஊட்டு ஜனமெல்லாம் வருது."

"ஆமா, நான் போட்டதுதான். அதனாலதான் நான் குந்திக்கினு இருக்கிறேன். எம் மேலதான் மோட்டார இஸ்துகினு போவணும்."

வார்த்தை வளர்ந்தது. அவளை ராசியில்லாதவள் என்றார்கள், மகன் விட்டுப் போனவள் என்றார்கள். அவள் எழவில்லை. கடைசியில் ஜோசப் வந்து மோட்டார்க்காரனைத் திருப்பி அனுப்பினார். போகும்போது தரையைப் பார்த்து, "எத்தினி மாசம் ரோசம்மா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

திருவிழாவன்று சப்பரம் கிணற்றைச் சுற்றித்தான் போக வேண்டும். வந்த விருந்தாளிகள் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு தாண்டினார்கள். வருஷா வருஷம் மெழுகுவத்தி கொண்டுவருகிற ஜானகியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னா ரோசம்மா, கோயிலுக்கு வெள்ளையடிச்சிட்டு கெணத்த இப்டி நாற உட்டுட்டீங்க? உங்க ஜனம் இதுல மட்டும் ஒழுங்கா இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சா?"

விளக்கிச் சொல்லலாம். ஈயம், மாவு, மீட்டர், பத்தரை எல்லாம் அவளுக்கு இப்போது மனப்பாடம். ஆனால் கையெழுத்துப் போடாதவளிடம் என்ன சொல்வது?

"வயசாயிடுச்சிம்மா. முன்ன மாதிரி முடியல" என்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மேட்டிலிருந்து செம்மண் கரைந்து, கம்பி வேலியைத் தாண்டிக் காலனிப் பக்கம் ஓடியது. கிணறு ஏறி, பாசியும் இலையும் தவளைகளுமாக மேடைக்கு ஒரு கை கீழே வந்து நின்றது. ராபின் போட்ட புது மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடம்பத்தூரில் குழந்தை குப்புற விழுந்து, தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. மெர்சி போனில் காட்டினாள். மழை விட்ட ஒரு மத்தியானம் ரோசம்மாள் கிணற்று மேடையில் உட்கார்ந்து ஹெலனின் எண்ணைப் போட்டாள்.

"தேதி எதுவும் வரலியேம்மா" என்றாள் ஹெலன். "வந்தா நானே சொல்றேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "கெணத்தத் தொடலியே?"

"தொடலம்மா" என்றாள் ரோசம்மாள். "நாத்தம் அடிக்குது. ஆனா தொடல."

"மழை முடியற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்மா."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, போன் வைத்த பிறகும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.